டோனாவூரின் அம்மை



கடவுள் நம்பிக்கை உடையவர்கள் உலகில் பலர் உளர். ஆனால், நாளைய உணவுக்கும் உடைக்கும் அந்த நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் மிகச் சிலரே. அத்தகையவருள் ஒருவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து, இந்திய மண்ணில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் அம்மண்ணிலேயே துயில்கொண்ட அப்பெருமாட்டியின் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

வட அயர்லாந்தின் கடற்கரைச் சிற்றூராகிய மில்லைலில் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஏமி பிறந்தார். எழுவர் அடங்கிய பிள்ளைகளுள் அவரே மூத்தவர். தந்தையார் ஆலை உரிமையாளர். வீட்டில் செல்வத்துக்கும் குறைவில்லை, இறைபக்திக்கும் குறைவில்லை. எதைக் கேட்டாலும் இறைவன் தருவார் என்று தாய் சொல்லிக் கொடுத்ததை நம்பிய சிறுமி, தன் பழுப்பு நிறக் கண்கள் நீல நிறமாக மாற வேண்டுமென ஓரிரவு வேண்டிக்கொண்டு உறங்கினாள். காலையில் கண்ணாடியைப் பார்த்தாள். கண்கள் பழுப்பாகவே இருந்தன! இல்லை என்பதும் இறைவன் தரும் விடைதான் என்பதை அன்று அச்சிறுமி அறிந்துகொண்டாள். பிற்காலத்தில் தமிழ்ப் பெண்போலச் சேலை உடுத்தி, தோலுக்கு நிறமேற்றி, யாரும் ஐயுறாவண்ணம் மக்களோடு மக்களாகச் சென்று உண்மைகளைத் திரட்டியபோது, அந்தப் பழுப்புக் கண்களே அவருக்குத் துணைநின்றன.

1885இல் தந்தையார் காலமானார். குடும்பத்தின் வளம் குன்றியது. அக்காலத்தில் பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் ஏழைப் பெண்கள் பலர் உழைத்தனர். தொப்பி வாங்கவும் வகையின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்ட அவர்கள் திருச்சபைக்குள் வருவதைச் செல்வர் சிலர் விரும்பவில்லை. ஏமி அப்பெண்களுக்கெனத் தனி மண்டபம் ஒன்றை அமைக்க முனைந்தார். பொருள் வேண்டி எவர் வாயிலையும் அவர் தட்டவில்லை. இறைவனிடம் மட்டுமே முறையிட்டார். அம்மையார் ஒருவர் அளித்த கொடையால் தகரத்தாலான அம்மண்டபம் 1889இல் எழுந்தது. அன்று கைக்கொண்ட அந்நெறியை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

1893இல் சமயப் பணிக்காக அவர் ஜப்பான் சென்றார். உடல்நலம் இடம்கொடுக்கவில்லை. சிறிதுகாலம் இலங்கையிலும் தங்கிப் பின் பிரித்தானியா திரும்பினார். 1895இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பெங்களூருக்கு வந்தவர், அங்கிருந்து திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, வாக்கர் என்னும் அருட்பணியாளரின் துணையோடு தமிழ் பயின்றார். தமிழ் எளிதில் வசப்படவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை. பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியேறி ஊர் ஊராகச் சென்றார். ஐரோப்பியர் தம் நாட்டு உடையிலேயே உலவிய அந்நாளில், அவர் சேலை உடுத்தினார்.

அவருடைய வாழ்வின் போக்கை மாற்றியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பிரீனா என்பது அவள் பெயர். பெருங்குளம் என்னும் ஊரில் கோயில் மகளிரிடம் அவள் ஒப்படைக்கப்பட்டிருந்தாள். ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடினாள். தாயோ அச்சத்தால் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாக அப்பிஞ்சுக் கைகளில் சூடு போடப்பட்டது. மீண்டும் ஓர் மாலையில் அவள் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்தாள். 1901ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் காலை, ஒரு பெண் அவளை ஏமியிடம் அழைத்து வந்தாள். அவள் சொன்னவற்றைக் கேட்ட ஏமியின் நெஞ்சம் பதைத்தது. ஒரு குழந்தைக்கு அடைக்கலம் தந்தாயிற்று. எஞ்சியோர் நிலை என்ன என்னும் வினா அவரை உறங்கவிடவில்லை.

தேவதாசி முறை ஒருகாலத்தில் இசையையும் நடனத்தையும் பேணியது உண்மையே. ஆயினும் காலப்போக்கில் அறியாப் பருவத்துச் சிறுமியரைச் சீரழிக்கும் கொடுமையாகவும் அது மாறிவிட்டது. நம்மவர்களும் அதனை எதிர்த்து நின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அப்போரில் முன்னின்றார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, சட்டத்தின் துணையோ ஊராரின் ஆதரவோ இல்லாத நிலையில், ஏமி தம் பணியைத் தொடங்கிவிட்டார். பிள்ளை பிடிப்பவர் என்ற பழிச்சொல்லும் வழக்குகளும் அவரைத் தொடர்ந்தன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த டோனாவூரே அவருடைய இல்லத்தின் இருப்பிடமாயிற்று. ஜெர்மானியப் பிரபு டோனாவின் கொடையால் அங்கு ஆலயம் எழுந்தமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. 1913ஆம் ஆண்டளவில் 130 பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தனர். ஊர் ஊராகச் சென்று போதிப்பதை விட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் பெரும்பணி ஆகுமா என்று சிலர் வினவினர். சீடரின் கால்களைக் கழுவிய இயேசு பெருமானின் வழி நிற்போர்க்குப் பணியில் பெரிது, சிறிது என்பதில்லை என்பது அவர் கொண்ட தெளிவு.

இத்தனை பிள்ளைகளுக்கும் உணவு எவ்வாறு கிடைத்தது? நன்கொடை கேட்டு வேண்டுகோள் விடுப்பதில்லை, கடன் வாங்குவதில்லை, பணியாற்றுவோர்க்குச் சம்பளம் இல்லை. இவையே அவ்வில்லத்தின் விதிகள். தேவையை இறைவனிடம் கூறிவிட்டு அன்றைய வேலையை அன்று செய்வதே அவர்களின் வழக்கம். இது சோம்பியிருப்போரின் நம்பிக்கையன்று. விடியுமுன் எழுந்து, கணக்கெழுதி, நோயாளியைப் பேணி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஓயாது உழைத்தோரின் நம்பிக்கை. வெளியிலிருந்து தாமாக வந்த கொடைகளால் பள்ளியும், பின்னர் பரம சுக சாலை என்னும் மருத்துவமனையும் எழுந்தன.

எல்லா வேண்டுதல்களும் அவர் விரும்பியபடியே நிறைவேறின என எண்ணிவிட வேண்டா. தாய்ப்பாலின்றி வந்த பச்சிளங் குழந்தைகள் பலர் நோயால் மடிந்தனர். உயிரினும் மேலாக நேசித்த இந்திரநீலா என்னும் குழந்தையும் மறைந்தாள். 1912இல் வாக்கரும், 1915இல் பொன்னம்மாளும் காலமாயினர். ஒவ்வொரு முறையும் நீலக் கண்கள் கேட்ட சிறுமிக்குக் கிடைத்த விடையே மீண்டும் கிடைத்தது. அவர் அழுதார், ஆயினும் மறுநாட் காலை அடுத்த குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். நாள்தோறும் நம்பிக்கையால் வாழ்வது என்பது இதுவன்றோ?

பேர்புகழை அவர் நாடவில்லை. 1919இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் விருதை அறிவித்தபோது, அதற்குத் தாம் தகுதியற்றவர் என்றே கருதினார்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் புதிதாகத் திறக்கவிருந்த மருந்தகத்தைப் பார்வையிடச் சென்றவர், அந்திப்பொழுதில் அங்கிருந்த குழி ஒன்றில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபதாண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன. ஓடி ஓடி உழைத்தவருக்குப் படுக்கையே உலகமாயிற்று. குணமாகவேண்டும் என்ற வேண்டுதலுக்கும் இல்லை என்பதே விடை. வலியின் நடுவிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அவர் எழுதிய 35க்கும் மேற்பட்ட நூல்களில் பல அப்படுக்கையில் உருவானவை. நோயுற்றோர்க்கு அந்நூல்கள் உலகெங்கும் ஆறுதல் அளித்தன.

1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஏமி இறைவனடி சேர்ந்தார். தம் கல்லறையின்மேல் நினைவுக்கல் வேண்டா என்று அவர் முன்னரே கூறியிருந்தார். எனவே, பறவைகள் நீர் அருந்தக் கற்றொட்டி ஒன்றை அங்குப் பிள்ளைகள் அமைத்தனர். அதில் பொறித்த சொல் ஒன்றே ஒன்று: அம்மை. அவ்வில்லத்தின் பணி இன்று இந்தியர்களின் பொறுப்பில் நடைபெறுகின்றது.

மாணவச் செல்வங்களே! வேற்று நாட்டில் பிறந்த ஒரு பெண் வருந்தித் தமிழ் கற்று, அம்மொழியின் இனிய சொல்லாகிய அம்மை என்பதையே தம் பெயராகப் பெற்றார். வேற்று நாட்டில் வளரும் நீங்கள் உங்கள் தாய்மொழியைக் கற்க மேற்கொள்ளும் உழைப்பு அதனினும் கடினமானதன்று. நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், கேட்டது கிடைக்காத நாளிலும் நம்பிக்கை இழவாமல், அன்றைய கடமையை அன்றே அன்போடு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஏமி அம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி அதுவே.