பிலிப்பு தெ மெல்லோ: தோம்பில் இருந்தவர்களும் பந்தியில் இருந்தவர்களும்

கொட்டாஞ்சேனையிலிருந்து பாடசாலைக்கு வந்த நம் மாணவிகளுக்கு வுல்பெண்டால் மேட்டுத் தேவாலயம் புதிதல்ல. வெள்ளவத்தைப் பக்கத்தவர்களும் ஒரு தடவையாவது அதைப் பார்த்திருப்பார்கள். சிலுவை வடிவில், தடித்த சுவர்களோடு நிற்கும் அக்கட்டடத்துக்கு 1749 இல் அத்திவாரம் இடப்பட்டது. 1757 இல் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அந்தச் சுவர்கள் எழும்பிய காலத்தில், இந்நகரிற் பிறந்த தமிழர் ஒருவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவரே பிலிப்பு தெ மெல்லோ. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பாடப்புத்தகங்கள் அவரை ஒரு வரியோடு விட்டுவிட்டன.

1723 ஆம் ஆண்டில், கொழும்புச் செட்டிக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தகப்பனார் ஒரு முதலியார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கொழும்பில் நடத்திய செமினறியில் பிள்ளை சேர்க்கப்பட்டார். உபதேசிமாரையும் போதகரையும் இந்நாட்டுப் பிள்ளைகளிலிருந்தே உருவாக்க எழுந்த கல்லூரி அது. அங்கே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், ஒல்லாந்தம் எல்லாம் படித்தார். தமிழை மறக்கவில்லை என்பதோடு, சூடாமணி நிகண்டுக்குப் புதிய செய்யுள்கள் எழுதிச் சேர்க்குமளவுக்குத் தமிழிலும் தேறினார். பின்னர் ஒல்லாந்தரின் திருச்சபையிலே குருப்பட்டம் பெற்றார்.

அந்தத் திருச்சபையை நம் முன்னோர் இறப்பிறமாது சமயம் என்றார்கள். சீர்திருத்தச் சபை என்பதன் மருவிய பெயர். அதன் போதனையில் ஒரு முள் இருந்தது. ஆர்மினியுஸ் என்ற ஒல்லாந்தப் பேராசிரியர் 1609 இல் இறந்தார். அவருடைய மாணாக்கர் மறுவருடமே ஐந்து கட்டுரைகளை எழுதி முன்வைத்தனர். யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்தே கடவுள் மனிதரைத் தெரிந்துகொள்கிறார், அவருடைய கிருபையை மனிதன் தள்ளிவிடவும் கூடும் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். இதை விசாரிக்க 1618 இல் டோர்ட் நகரிற் கூடிய சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. உலகம் உண்டாகுமுன்னரே கடவுள் சிலரைத் தெரிந்துகொண்டார். அவர்களிடம் எந்த நன்மையையும் விசுவாசத்தையும் முன்கண்டு அல்ல, தம் சித்தத்தினாலேயே தெரிந்துகொண்டார் என்பது தீர்ப்பு. 1619 மே மாதம் சங்கம் கலைந்த சில நாட்களில், ஆர்மினியுஸ் கட்சிக்கு ஆதரவாயிருந்த முதிய அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் சிரச்சேதம் செய்யப்பட்டார். வேதாகமத் தர்க்கம் அந்நாட்டில் அவ்வளவு தூரம் போயிருந்தது. அதன்பின் ஒல்லாந்தச் சபையில் போதகராகும் எவரும் டோர்ட் தீர்மானங்களுக்குக் கையெழுத்திடுவது நியதியாயிற்று.

இப்போது இலங்கைக்கு வருவோம். நித்தியத்திலே, இரகசியமாக, சிலர் மட்டுமே தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்று போதித்த அதே சபை, இங்கே ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஞானஸ்நானம் இல்லாதவருக்குக் கம்பனியில் உத்தியோகம் இல்லை. பிறப்பு, விவாகம் யாவும் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. கர்த்தருடைய செபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் ஒப்புவிக்கத் தெரியாத பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் விவாகப் பதிவு கிடையாது. நம் பாட்டிமாரின் பாட்டிமார் பலர் அப்படித்தான் மனனஞ் செய்து மணப்பெண் ஆனார்கள். வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டவர்களும் அவர்களுக்குள் உண்டு.

1760 ஆம் ஆண்டுக் கணக்கொன்று நம்மிடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பகுதியில் பெயர் எழுதப்பட்ட கிறிஸ்தவர்கள் 182,226 பேர். அவர்களில் கர்த்தருடைய பந்தியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 64 பேர். மன்னாரில் 9,820 பேருக்கு 5 பேர். காலி, மாத்தறைப் பகுதியில் 89,077 பேருக்கு 36 பேர். இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்ததுண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் தாராளம். பந்திக்கு வருவோருக்கோ கடுமையான சோதனை. அப்படியானால் இரட்சிப்பு எப்போது வருகிறது? அநாதி காலத்தில் தீர்ந்துபோன காரியமா? தலையில் தண்ணீர் விழும்போதா? பந்தியில் உட்காரும்போதா? இல்லை, சாகுந்தறுவாயிலா? நம் வேதபாட வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும் கேள்வி இது. ஆசிரியை சிலுவையிற் கடைசி நேரத்தில் மன்னிக்கப்பட்ட கள்வனைச் சொல்லி, மணியடிக்கும் வரை சமாளிப்பார். தெ மெல்லோவுக்கு மணியடிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் மேய்த்த மந்தையே அந்த 182,226 பேரும் அந்த 64 பேரும்.

அவர் எழுதிய சத்தியத்தின் செயம் என்ற நூல் 1753 இல் வெளிவந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான தர்க்க நூல் அது. மனிதனுடைய சுயாதீனம் கிருபையோடு ஒத்துழைக்கிறது என்பது திரெந்து சங்கம் வகுத்த கத்தோலிக்கப் போதனை. டோர்ட் சங்கத்தார் ஆர்மினியுசிடம் வெறுத்தவற்றில் ஒரு பகுதியும் அதுவே. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு இங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. கோவாவிலிருந்து வந்த ஓரத்தோரியன் குருமார் மறைந்து மறைந்தே பூசை செய்தார்கள். ஒரு பக்கத்தாருக்கு அரசும் அச்சுக்கூடமும், மறு பக்கத்தாருக்கு இரவும் ஓலையும் என்றால், அதைச் சமமான தர்க்கம் என்று சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வந்த நம் தோழியரும் இதை ஒத்துக்கொள்வர்.

தர்க்க நூலை விடப் பெரிய காரியம் மொழிபெயர்ப்பு. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு நாற்பது வருடங்களுக்கு மேல் முந்தியது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு வர இன்னும் பதின்மூன்று வருடங்கள் இருந்தன. அவ்விருவரும் ஜெர்மானியர். தெ மெல்லோவுக்கோ தமிழ் தாய்மொழி. புதிய ஏற்பாடு முழுவதையும் மொழிபெயர்ப்பவர் தம் கட்சிக்குச் சாதகமான அதிகாரங்களை மட்டும் மொழிபெயர்க்க முடியாது. யாக்கோபும் ஏசாவும் பிறக்குமுன்னரே பிரித்துவைக்கப்பட்டதைப் பேசும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தையும் தமிழாக்க வேண்டும். எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டுமென்று கடவுள் விரும்புகிறார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டதையும் தமிழாக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்கு வந்தவனும் நாள் முழுதும் வெயிலிற் பாடுபட்டவனும் ஒரே கூலி வாங்கிய உவமையையும் விடமுடியாது. டோர்ட் தீர்மானத்துக்குக் கையெழுத்திட்ட சபையின் போதகர் அத்தனையையும் தமிழ் வாசகன் கையில் கொடுத்தார். பள்ளித் தோம்பில் பெயர் மட்டும் இருந்தவனும் இனி விரும்பினால் தானே வாசித்துப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு வாய்த்த நண்பர் ஒரு சைவத் துறவி. காஞ்சிபுரத்திலிருந்து வந்து நல்லூரில் வாழ்ந்த கூழங்கைத் தம்பிரான். தம்பிரான் வேதாகமத்து யோசேப்பின் கதையை யோசேப்புப் புராணம் என்று பாடி, அதைத் தெ மெல்லோவுக்கே உரிமையாக்கினார். சகோதரரெல்லாம் இருக்க ஒருவன் மட்டும் தெரிந்துகொள்ளப்பட்ட கதை அது. விற்கப்பட்டவனே மற்றவர்களுக்குச் சோறு போட்டான் என்பதும் அதே கதைதான். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி தம்பிரானுக்கு அந்நியமாயிருந்திராது. மலபரிபாகம் வந்தபோதே சத்திநிபாதம் நிகழும் என்பது சித்தாந்தம். அருள் எப்போது இறங்குகிறது என்பதே அங்கும் விசாரணை. வைணவர் இதையே குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று சொல்லிப் பிரிந்தார்கள். தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டி ஆர்மினியுஸ் பக்கம். தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டி டோர்ட் பக்கம். நம் சைவத் தோழியருக்கு டோர்ட்டை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

தெ மெல்லோ 1790 இல் காலமானார். ஆறு வருடங்கள் கழித்து, 1796 இல், கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் அவசியம் என்ற நிலை போனதும், இலட்சக்கணக்கில் எழுதப்பட்டிருந்த கிறிஸ்தவர்கள் சில வருடங்களுக்குள் கரைந்துபோனார்கள். 1806 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியஸ் புக்கானன் பாழடைந்த கோயில்களையே கண்டார். பிறகு 1814 இல் மெதடிஸ்தர் வந்தனர். கிருபை எல்லோருக்கும் என்று போதித்த, ஆர்மினியுஸ் வழி நின்றவர்கள். 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். அவர்கள் கல்வினிய மரபினர். டோர்ட்டில் மோதிய இரு கட்சிகளும் யாழ்ப்பாணத்தில் அயல் ஊர்களில் பள்ளிக்கூடங்கள் கட்டின. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியவர்கள் அந்தக் கல்வினிய அமெரிக்கரே.

தெ மெல்லோவின் வாழ்க்கையை முதலில் திரட்டித் தந்தவர் சைமன் காசிச்செட்டி. 1859 இல் அச்சான தமிழ் புளூட்டாக் என்னும் ஆங்கில நூலில் அது இருக்கிறது. பள்ளித் தோம்புகளிற் பல கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் பேணப்படுகின்றன. பூட்டனின் பெயரைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்த ஏடுகளைத்தான் கேட்டு வாங்கிப் புரட்டுகிறார்கள்.