சிகரங்களை நேசித்த தொண்டர்

இத்தாலியின் டூரின் நகரில் 1901 ஏப்ரல் 6-ஆம் நாள் பியர் ஜார்ஜியோ ஃபிரசாட்டி பிறந்தார். தந்தை லா ஸ்டாம்பா நாளிதழின் அதிபர். சமயப் பற்று அற்றவர். தாயார் ஓவியர். செல்வம் கொழித்த அந்த இல்லத்தில் வளர்ந்த இளைஞரோ நாள்தோறும் நற்கருணை பெறுவதை உயிர்மூச்சாகக் கொண்டார். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பணிபுரியும் நோக்குடன் சுரங்கப் பொறியியல் பயின்றார்.

ஓய்வு நாட்களில் நண்பர்கள் புடைசூழ ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறுவார், பனிச்சறுக்கில் மகிழ்வார். வேடிக்கைப் பேச்சில் அவருக்கு நிகர் அவரே. ஆயினும் மலையின் பேரமைதியில் படைத்தவனின் மாட்சியே அவர் உள்ளத்தை நிறைத்தது.

1918-இல் புனித வின்சென்ட் தெ பால் சபையில் சேர்ந்தார். ஏழைகளின் குடியிருப்புகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றார். பயணச் செலவுக்கான காசையும் ஈந்துவிட்டு, நடந்தே வீடு திரும்புவார். இல்லத்தார் இதனை அறியவில்லை.

1925-இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. பாட்டியார் மரணப் படுக்கையில் இருந்தமையால் தமது துன்பத்தை அவர் வெளிக்காட்டவில்லை. இறப்பதற்கு முன்தினம், செயலிழந்துகொண்டிருந்த கையால், ஓர் ஏழை நோயாளிக்கு மருந்து சேர்க்குமாறு குறிப்பு எழுதினார். ஜூலை 4-ஆம் நாள், 24-ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

இறுதி ஊர்வலத்தில் ஏழை மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். மகன் யார் என்பதைப் பெற்றோர் அன்றுதான் உணர்ந்தனர். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். அவ்வேழைகளின் கண்ணீரோ நூறாண்டுகளுக்கு முன்பே அதனை அறிவித்துவிட்டது.