ஒரு விநாடியின் மர்மத்தை அறிந்த பெசல்

ஒரு விநாடி தாமதமானால் என்ன நேர்ந்துவிடும்?

வேலையே போய்விடும்! இங்கிலாந்தில் ஓர் இளைஞருக்கு அப்படித்தான் போனது. அதுவும் முழுதாக ஒரு விநாடி அல்ல. முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

அந்த இளைஞர் சோம்பேறி அல்ல. அவர் கண்ணிலும் காதிலும் கோளாறு இல்லை. இந்த உண்மையை உலகம் தெரிந்துகொள்ள சுமார் 25 ஆண்டுகள் ஆயின. அதைக் கண்டுபிடித்தவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதப் போன ஒருவர். அவர்தான் ஜெர்மனியின் பெரிய வானநூல் அறிஞர், பிரெடரிக் வில்லெம் பெசல்.

கணக்குப் பையன்

பெசல் 1784-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி மிண்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. ஆறு சகோதரிகள், இரண்டு சகோதரர்கள்.

பெசலுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. லத்தீன் பாடம் ஏறவே இல்லை. கணக்கு மட்டும் நன்றாக வந்தது. 14 வயதில் படிப்பை விட்டார். பிரெமன் துறைமுகத்தில் ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை பழகச் சேர்ந்தார். ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது.

கம்பெனிக்கு வெளிநாடுகளுடன் வியாபாரம். கப்பலில் சரக்குடன் வெளிநாடு போக வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அதற்காகப் பூகோளம் படித்தார். அன்னிய மொழிகள் படித்தார். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறியும் வித்தையைப் படித்தார். அதற்கு நட்சத்திரங்களைப் பார்க்கத் தெரிய வேண்டும். அப்படி வானத்தைப் பார்க்கத் தொடங்கியவர், வியாபாரத்தையே மறந்துவிட்டார்!

பகலில் கணக்குப் புத்தகம். இரவில் வானநூல். தூக்கம் சில மணி நேரம்தான்.

1804-ல் அவருக்கு வயது 20. ஹாலி வால் நட்சத்திரம் 1607-ல் தோன்றியபோது எழுதி வைத்த பழைய குறிப்புகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றைக்கொண்டு அது சென்ற பாதையைக் கணக்கிட்டார். பிரெமனில் இருந்த ஒல்பர்ஸ் என்ற டாக்டர், வானநூலிலும் வல்லவர். அவரிடம் கணக்கைக் காட்டினார். ஒல்பர்ஸ் பிரமித்துப் போனார்!

பெசல் வியாபார வாழ்வை உதறினார். லிலியந்தால் என்ற சிற்றூரில் இருந்த வான ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு கோனிக்ஸ்பர்க் நகரில் புதிதாக அமையவிருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர், 25 வயதில் பேராசிரியர் ஆனார்! பேராசிரியருக்குப் பட்டம் வேண்டுமே? கணித மேதை காஸ் சிபாரிசு செய்தார். காட்டிங்கன் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது.

போன வேலை

1816-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் லண்டன் கிரீன்விச் ஆராய்ச்சிக் கூடத்தின் வரலாறு வந்தது. அதில் ஒரு சிறு சம்பவம் சொல்லப்பட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பெசல் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்தச் சம்பவம் இதுதான்:

கிரீன்விச்சின் தலைவர் மாஸ்கலின். அவரிடம் 1794-ல் டேவிட் கின்னபுரூக் என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார். நட்சத்திரம் தொலைநோக்கியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர்கள் வேலை.

தொலைநோக்கியின் உள்ளே மெல்லிய கம்பிகள் செங்குத்தாக இருக்கும். பக்கத்தில் கடிகாரம் டிக் டிக் என்று அடிக்கும். கண் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். காது கடிகாரத்தைக் கேட்க வேண்டும். எத்தனையாவது விநாடியில், அந்த விநாடியிலும் பத்தில் எந்தப் பங்கில், நட்சத்திரம் கம்பியைத் தொட்டது என்று எழுத வேண்டும்.

முதலில் இருவர் கணக்கும் ஒத்திருந்தன. 1795 ஆகஸ்டில், உதவியாளரின் கணக்கு அரை விநாடி பிந்தியது. மாஸ்கலின் எச்சரித்தார். இளைஞர் திருத்திக்கொள்ளப் பாடுபட்டார். ஆனால் 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 விநாடியாக வளர்ந்துவிட்டது! மாஸ்கலின் மனம் இல்லாமலே அவரை வேலையிலிருந்து நீக்கினார். 1802-ல் அந்த இளைஞர் இறந்துபோனார்.

இவ்வளவு சிறிய நேரத்துக்கா இந்தத் தண்டனை என்று தோன்றும். ஆனால் பூமி சுழல்கிறது அல்லவா? பூமத்திய ரேகையில், 0.8 விநாடிக்குள் பூமி சுமார் 370 மீட்டர் நகர்ந்துவிடும். நேரம் தவறினால் ஊர் இருக்கும் இடமே தவறிவிடும்!

தன்னையே சோதித்தார்

பெசலுக்குச் சந்தேகம் வந்தது. வேலை போய்விடும் என்று தெரிந்தும் ஒருவர் மாதக்கணக்காகத் தவறு செய்வாரா? தவறு உதவியாளருடையது என்று எப்படிச் சொல்வது? தலைவரின் கண்ணும் காதும் மட்டும் சரியா?

1820-21 குளிர்காலத்தில் வால்பெக் என்ற அறிஞர் கோனிக்ஸ்பர்க் வந்திருந்தார். பெசலும் அவரும் முறை வைத்து அதே நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் குறித்தார்கள்.

முடிவு என்ன? வால்பெக்கின் கணக்கு, பெசலின் கணக்கைவிட ஒரு விநாடிக்கு மேல் பிந்தியிருந்தது! கின்னபுரூக்கின் வித்தியாசத்தைவிட இது அதிகம். இருவரும் கைதேர்ந்தவர்கள். இருவரும் கவனமாகப் பார்த்தவர்கள்.

1823-ல் ஆர்கலாண்டர் என்ற அறிஞருடன் ஒப்பிட்டார். வித்தியாசம் 1.2 விநாடி! வேறு ஓர் அறிஞருடன் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது.

பெசல் தம் கணக்கே சரி என்று சாதிக்கவில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் காட்சியையும் ஒலியையும் சேர்த்து அறிய ஒரு தனி வேகம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். அதுமுதல் வானநூலார் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அளந்து, கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

மூளை செய்யும் வேலை

தூரத்தில் ஒருவர் கல்லில் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் படுவது முன்னால் தெரியும். சத்தம் பின்னால் வரும். அது காற்றில் ஒலி வரும் தாமதம். பெசல் கண்டது வேறு. கடிகாரம் பக்கத்திலேயே இருந்தது. தாமதம் மனிதனுக்குள்ளே இருந்தது!

கண்ணில் பட்ட ஒளியும் காதில் விழுந்த ஒலியும் நரம்பு வழியாக மூளைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல. பிறகு மூளை அவற்றை இணைக்க வேண்டும். நாம் எதில் அதிகக் கவனம் வைக்கிறோமோ, அது முன்னால் நடந்ததுபோலத் தோன்றும்.

1850-ல் ஹெல்மோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். அவர் அளந்ததும் அதே கோனிக்ஸ்பர்க்கில்தான்! 1879-ல் லைப்சிக் நகரில் உண்ட் என்பவர் மனத்தை ஆராயத் தனிக்கூடம் அமைத்தார். மனநூலுக்கு இப்படி வழி திறந்ததில் பெசலின் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு.

நட்சத்திரத்தின் தூரம்

இப்படித் துல்லியத்தைத் தேடியவருக்குப் பெரிய வெற்றி ஒன்று காத்திருந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகில் உள்ள நட்சத்திரம் சிறிது இடம் மாறித் தோன்ற வேண்டும். அந்த அசைவு மிக மிக நுண்ணியது. 1838-ல் அன்னப்பறவை மண்டலத்தில் உள்ள 61-ம் எண் நட்சத்திரத்தில் பெசல் அதை அளந்தார். ஒளி அங்கிருந்து வந்துசேர சுமார் 10 ஆண்டுகள் ஆகும் என்று கண்டார். இன்றைய கணக்கு 11.4 ஆண்டுகள்.

1844-ல், சிரியஸ் நட்சத்திரம் தள்ளாடிச் செல்வதை ஆராய்ந்து, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருப்பதாகச் சொன்னார். 1862-ல் அந்தத் துணை தென்பட்டது. அதைப் பார்க்க பெசல் உயிருடன் இல்லை.

புகழ் வந்தபோதே துயரமும் வந்தது. 1840-ல் அருமை மகன் வில்லெம் வாலிப வயதிலேயே இறந்தார். அந்த அடியைத் தாங்கிக்கொண்டு பெசல் உழைத்தார். நோயும் சேர்ந்துகொண்டது. 1846 மார்ச் 17-ந் தேதி, 61 வயதில் காலமானார்.

அவர் கட்டிக் காத்த ஆராய்ச்சிக் கூடம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. அந்த நகரம் இன்று ரஷியாவில், கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்குப் பெசலின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கின்னபுரூக்குக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மேல் இருந்த பழி நீங்கியது. உதவியாளரைக் குறை சொல்லாமல் தம் கண்ணையும் காதையும் முதலில் சோதித்த ஒரு தலைவரால் அது நீங்கியது.