பெர்மாவின் நேர்கோடு

பகலெல்லாம் வழக்குக் கேட்டு, ஓய்ந்த வேளையில் கணிதம் பயின்றவர் பியேர் தெ பெர்மா. பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில் போமோன் என்னும் ஊரில் தோல் வணிகர் ஒருவருக்கு மகனாய்த் தோன்றிச் சட்டம் கற்று, 1631ஆம் ஆண்டில் தூலூசு நகர உயர்நீதிமன்றத்தில் ஆலோசகர் பதவி ஏற்றார். அவ்வுத்தியோக வாழ்வைப் பற்றி இங்கு இவ்வளவே அமையும்.

அவரது நுண்ணறிவு விளங்குமிடம் 1636ஆம் ஆண்டளவில் எழுதிய சிறு நூலொன்றாகும். வியேத்து என்னும் முன்னோரைப் பின்பற்றி, அறியப்படாத அளவுகளை உயிரெழுத்துக்களாலும் அறிந்தவற்றை மெய்யெழுத்துக்களாலும் அதிற் குறித்தார். (தொல்காப்பியம் பயில்வோர்க்கு இம்முறை இனிக்காதிருக்குமோ?) இரண்டு உயிர்கள் ஒருபடியாய் மட்டும் வரும் சமன்பாடு எதுவாயினும் அது நேர்கோடே என நாட்டினார்.

அவர் சென்ற வழியை நம் எண்களாற் காண்போம். 3அ + 2எ = 12 என்க. 12ஐ 3 × 4 எனப் பிரித்தால், 2எ = 3(4 – அ) ஆகும். இனி அடிக்கோட்டில் 4 என்னும் புள்ளியிலிருந்து பின்னோக்கி அளக்க. அவ்வளவுக்கும் எ-க்கும் உள்ள விகிதம் எங்கும் 2க்கு 3 என மாறாது நிற்கும். ஆகவே வடிவொத்த முக்கோணங்களின் இயல்பால் புள்ளிகள் யாவும் ஒரே கோட்டில் அமையும். சாய்வு புலப்பட எ = 6 – 1½அ என நாம் வகுப்பில் மாற்றி எழுதுவதும் அக்கோட்டையே.

பெர்மா இதனை அச்சிட்டாரில்லை; கையெழுத்துப் பிரதியாய் அறிஞரிடை உலவவிட்டார். 1637இல் தெக்கார்த்தின் நூல் அச்சேறியது. ஒருபடிச் சமன்பாட்டைப் பொறுத்தவரை பெர்மாவின் விளக்கமே தெளிவுடையது என்பது எம் துணிபு. 1665இல் காசுத்திர் நகரில் அவர் காலமானார். மகன் சாமுவேல் 1679இல் அந்நூலை வெளியிட்டார். அத்தளத்திற்கு இன்றும் வழங்கும் பெயர் தெக்கார்த்தினுடையதே.