மேரி சோமர்வில் அம்மையார்

ஸ்காட்லாந்து தேசத்து ஜெட்பர்க் என்னும் ஊரில் 1780-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி மேரி பிறந்தார். தந்தையார் கடற்படை உத்தியோகஸ்தர். நெடுங்காலம் கடலிலேயே கழிப்பவர். பெண்ணுக்குப் பத்து வயதளவில் ஓராண்டு பள்ளி வாசம் கிடைத்தது, அவ்வளவே.

கணிதம் அவரைப் பற்றிக்கொண்ட விதம் விநோதமானது. மாதர் அலங்காரச் சஞ்சிகையொன்றைப் புரட்டுகையில், எண்களுடன் எழுத்துக்களும் விரவிய ஒரு கணக்கு கண்ணிற்பட்டது. அது அல்ஜீப்ரா என்பதற்கு மேல் விளக்குவார் எவருமிலர். பின்னர் யூக்ளிடின் நூல் எவ்வாறோ கைவந்தது. நள்ளிரவு வரை அதனை வாசித்தலையறிந்த பெற்றோர், மகளுக்குச் சித்தம் கலங்குமென்றஞ்சி மெழுகுவர்த்தியை அகற்றுவித்தனர். அதற்குள் முதல் ஆறு பாகங்களையும் அவர் கற்று முடித்திருந்தார். ஆதலின் இருளிற் படுத்தபடியே தேற்றங்களை மனத்தினின்றே நிறுவிப் பார்ப்பாராயினார். விளக்கை எடுக்கலாம், யூக்ளிடை எவ்வாறு எடுப்பது!

1804-இல் மணந்த கணவர் பெண் கல்வியை மதியாதவர், மூன்றாண்டுகளில் இறந்தார். 1812-இல் மணந்த வைத்தியர் வில்லியம் சோமர்வில்லோ மனைவியின் கல்விக்கு உற்ற துணையானார்.

1827-இல் புரூம் என்னும் அறிஞர், பிரெஞ்சு மேதை லாப்லாஸ் வானசாஸ்திரம் பற்றி எழுதிய பெருநூலைப் பொதுமக்கள் உணருமாறு ஆங்கிலத்திற் செய்து தர வேண்டினார். அம்மையார் அஞ்சினார். முயற்சி இரகசியமாயிருக்க வேண்டும். தகுதியற்றதாயின் கையெழுத்துப் பிரதியைத் தீயிலிட வேண்டும் என்னும் நிபந்தனையுடன் இசைந்தார். குழந்தைகளைக் கவனித்தும் இல்லறம் நடத்தியும், விருந்தினர் வரின் காகிதங்களை மறைத்தும் எழுதினார். 1831-இல் நூல் வெளிவந்தது. அது வெறும் மொழிபெயர்ப்பன்று. லாப்லாஸ் எளிதெனத் தாண்டிச் சென்ற படிகளையெல்லாம் இட்டு நிரப்பியது. கேம்பிரிட்ஜில் உயர்தர மாணவர் அதனைப் பாடநூலாய்க் கற்றனர். பெண்களோ அங்கே மாணவராகச் சேரவியலாத காலம் அது.

1834-இல் எழுதிய நூலே சாமானியரிடம் பெரிதும் பரவியது. ஈர்ப்பு, கடலேற்றம், ஒளி, ஒலி, மின்சாரம் முதலியன ஒன்றோடொன்று பிணைந்திருத்தலைக் கணிதக் குறியீடுகளின் சுமையின்றி அதில் விளக்கினார். யுரேனஸ் கணக்கிட்ட வழியினின்று பிறழ்தலைக் கொண்டு, கண்ணுக்கெட்டாக் கிரகமொன்றை அறியலாகுமென 1842-ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறித்தார். 1846-இல் நெப்டியூன் காணப்பட்டது.

தமக்குப் புதியன காணும் ஆற்றலில்லையென அம்மையார் வருந்தியதுண்டு. அவ்வருத்தம் வேண்டுவதில்லையென்றே நமக்குத் தோன்றுகிறது. ராயல் சங்கத்தார் அவருடைய மார்பளவுச் சிலையைத் தம் மண்டபத்தில் நிறுவினர். ஆயினும் மாதரை அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தது 1945-இலேதான்!

முதுமையில் இத்தாலியில் வசித்தார். செவி மந்தமாயிற்று, அண்மை நிகழ்ச்சிகளும் மனிதர் பெயர்களும் மறந்தன, அல்ஜீப்ரா மட்டும் மறக்கவில்லை. 1872 நவம்பர் 29-ஆம் தேதி நேப்பிள்ஸ் நகரில் இறக்குமளவும், காலை வேளைகளிற் படுக்கையிலமர்ந்து உயர்கணித நூல்களை வாசித்து வந்தார்.