ஆதித்த கரிகாலன் கொலை: உள்ளே இருந்த துரோகிகளை சோழ அரசு என்ன செய்தது?

பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தில் விக்ரம் நடித்த ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் உயிரை விடுவார். குத்தினது யாரு என்று தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விவாதம் பண்ணியவர்கள் நிறையப் பேர். கல்கியின் நாவலில் ரவிதாசன் கூட்டம் காட்டில் ஒளிந்திருக்கும், பள்ளிப்படையில் நள்ளிரவில் கூடிச் சதி செய்யும். அதெல்லாம் கதை. ஆனால் ரவிதாசன் என்ற பெயர் கதை இல்லை. அந்தப் பெயர் சோழ அரசின் உத்தரவு ஒன்றில் இருக்கிறது. அந்த உத்தரவு இருக்கும் இடம் காட்டுமன்னார்கோயில்.

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் 25 கிலோமீட்டர். ஊரின் ஒரு பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். அதன் சுவரில் உள்ள கல்வெட்டை 1920இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். பிறகு வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சோழ வரலாற்றில் இவ்வளவு சண்டை கிளப்பிய கல்வெட்டு வேறொன்று உண்டா என்பது சந்தேகம்தான்.

சரி, கொலையான இளவரசர் யார்?

ஆதித்த கரிகாலன், சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவிக்கும் மூத்த மகன். தாய் வழி திருக்கோவலூர் மலையமான் குடும்பம். குந்தவையும் அருள்மொழி என்கிற ராஜராஜனும் உடன்பிறந்தவர்கள். அவர் பிறந்த காலத்தில் சோழ நாடு பெரிய வல்லரசு எல்லாம் இல்லை. 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களிடம் தோற்று, பட்டத்து இளவரசர் ராஜாதித்தரையும் பறிகொடுத்து, வடக்கே தொண்டை மண்டலத்தையும் இழந்து நின்ற நாடு. தெற்கே வீரபாண்டியன் தனி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தார். சோழன் தலைகொண்டவன் என்று அவர் பட்டமே போட்டுக்கொண்டார். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேவூரில் நடந்த போரில் சுந்தர சோழர் பாண்டியரை முறியடித்தார். அந்தக் களத்தில் ஆதித்தர் சின்னப் பையன். யானையோடு விளையாடும் சிங்கக் குட்டி மாதிரி அவர் வீரபாண்டியனோடு போரிட்டார் என்கிறது ஆனைமங்கலச் செப்பேடு. பின்னர் வீரபாண்டியன் அவர் கையால் கொல்லப்பட்டார். வெட்டிய தலை தலைநகரில் வெற்றித் தூண் போல நிறுத்தப்பட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்றைய கண்ணுக்குக் கொடூரம். அன்றைக்கு அது பதிலுக்குப் பதில். வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி என்பது அதற்குப் பிறகு ஆதித்தரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அவர் பெயரில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அப்பா உயிரோடு இருக்கும்போதே ஆட்சியில் பங்கு கிடைத்தது. தொண்டை மண்டலத்தில் கிடைக்கும் பார்த்திவேந்திராதிபதிவர்மன் என்ற பெயருள்ள கல்வெட்டுகளும் இவருடையவைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு.

அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. ஐந்தாறு ஆட்சியாண்டுகள் ஓடுகின்றன. சுமார் 970இல் கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன.

செப்பேட்டுக் கவிஞர் கொலை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஆதித்தர் வானுலகத்தைக் காணும் ஆசையில் மறைந்தார் என்று நாசூக்காக முடித்துவிடுகிறார். குடிமக்கள் அருள்மொழியை அரசராகச் சொன்னார்கள். சித்தப்பா முறையான உத்தம சோழருக்கு அரியணை மேல் ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் அதே செப்பேடு சொல்கிறது. மகன் போன கொஞ்ச காலத்தில் காஞ்சிபுரம் பொன்மாளிகையில் சுந்தர சோழரும் இறந்தார். வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். 985 வரை ஆண்டவர் உத்தம சோழர். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கொலை பற்றிக் கல்லிலோ செப்பேட்டிலோ ஒரு வரி கிடையாது.

கல்வெட்டு சொல்வது என்ன?

உடையார்குடிக் கல்வெட்டு, ராஜகேசரி என்ற பட்டமுள்ள அரசரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரசர் பெயர் நேரடியாக இல்லை. ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். ஆதித்தர் பரகேசரி. உத்தமரும் பரகேசரி. ஆதித்தர் இறந்த பிறகு 2ஆம் ஆண்டு கொண்டாடக்கூடிய முதல் ராஜகேசரி ராஜராஜன்தான். அதாவது 986 - 987. தம்பி அரியணை ஏறிய சூட்டோடு வந்த உத்தரவு இது.

உத்தரவு போனது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மகாசபைக்கு. காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் அது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகரின் பட்டம். இன்றைக்குச் சென்னை குடிக்கும் வீராணம் ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, கல்வெட்டு பெயர்களை அடுக்குகிறது: சோமன், அவர் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன். இங்கேதான் சினிமா பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பிரம்மாதிராஜன் என்பது காட்டில் திரிகிறவர்களுக்குக் கிடைக்கும் பெயர் இல்லை. அரசுப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்த பிராமண அதிகாரிகளுக்கு அரசர் தரும் பட்டம் அது. பஞ்சவன் என்றால் பாண்டியன். இருமுடிசோழன் என்பது சோழப் பெயர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பாண்டியப் பெயர் ஒட்டிய பட்டம், இன்னொருவருக்குச் சோழப் பட்டம். ரவிதாசன் முதலில் பாண்டியரிடம் வேலை பார்த்தவர், வீரபாண்டியனுக்காகப் பழி வாங்கினார் என்று ஒரு விளக்கம் இதிலிருந்து பிறந்தது. பாண்டிய நாட்டை வென்ற சோழரே அந்தப் பட்டத்தையும் கொடுத்திருக்கலாம் என்பது மறுபக்கம். எப்படிப் பார்த்தாலும் பரமேசுவரன் சோழ அரசுக்குள் இருந்த ஆள். இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், இன்சைடர் த்ரெட்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பொறுப்பில் வைக்கும் ஆளை அறம், பொருள், இன்பம், உயிர் பயம் ஆகிய நான்கிலும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்று அது தொடங்குகிறது. ஒற்றாடல் அதிகாரமோ, ஓர் ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பேக்ரவுண்டு செக், தெரிய வேண்டியவருக்கு மட்டும் தகவல் என்கிற இரண்டு விதிகளும் தமிழுக்குப் புதிதல்ல. விதி தெரிந்தும் கோட்டைவிட்ட கதைதான் இது.

நிலத்தைப் பிடுங்கு, ஆனால் கணக்கு காட்டு

துரோகிகளின் தலையை வெட்டு என்று கல்வெட்டு சொல்லவில்லை. சிறை பற்றியும் பேச்சில்லை. அது பேசுவது சொத்து பற்றி. அவர்களுடைய நிலம், மனை, உடைமை எல்லாம் பறிமுதல். உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், தாய்மாமன்மார், பெண் கொடுத்து எடுத்த சம்பந்திகள் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. அத்தனை பேர் சொத்துக்கும் அதே கதி. இன்றைய சட்டத்தில் இது நிற்காது. குற்றம் செய்யாத மருமகன் ஏன் வீட்டை இழக்க வேண்டும்? ஆனால் அன்றைய நிர்வாகத்துக்கு இந்த யோசனை பழகினதுதான். 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர் கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதி இழக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் தப்பு செய்தால் குடும்பமே பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பயம் இருந்தால்தான் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரைத் தடுப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

கல்வெட்டில் எல்லோரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு சொல் இருக்கிறது: கண்காணி. பறிமுதல் வேலையைச் சபையிடம் விட்டுவிட்டு அரசர் சும்மா இருக்கவில்லை. கொட்டையூர் பிரம்மஸ்ரீராஜன், புள்ளமங்கலம் சந்திரசேகர பட்டன் என்று இரண்டு பேரை அனுப்புகிறார். அவர்கள் கண்காணிப்பில், அவர்கள் சொன்னபடி, சபை அந்தச் சொத்துகளை விற்றுப் பணத்தைக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும். மேலிருந்து வந்தவர்கள் மட்டும் செய்திருந்தால் ஊரில் யாருக்கும் விவரம் தெரிந்திருக்காது. சபை மட்டும் செய்திருந்தால், குற்றவாளிகளின் சொந்தக்காரர்களே அதில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட ஏற்பாடு இது.

சோழர் உத்தரவுகள் பொதுவாகவே ஒரு கையில் முடிவதில்லை. அரசர் வாய்மொழியாகச் சொல்வது திருவாய்க்கேள்வி. அதைக் கேட்டு ஓலையில் எழுதுகிறவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்ப்பவர் திருமந்திர ஓலை நாயகம். பிறகு வரிப் புத்தகத்தில் பதிவு. யார் எழுதினார், யார் பார்த்தார் என்பது பெயரோடு நிற்கும். ரகசியம் இருக்கட்டும், ஆனால் ரகசியத்தைக் கையாளும் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்கிற பழக்கம்.

இன்றைக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது? 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. எது ரகசியம் என்பதற்கு அதில் விளக்கமே கிடையாது; அரசாங்கம் ரகசியம் என்றால் ரகசியம். உளவு பார்த்தால் 14 ஆண்டுகள் வரை சிறை. கையில் இருக்கும் தகவலை அனுமதியில்லாமல் வெளியிட்டாலே 3 ஆண்டுகள் வரை. இந்தச் சட்டத்தை நீக்கிவிடலாம் என்று வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தாலும், அதன் 24ஆம் பிரிவு ஐ.பி., ரா போன்ற அமைப்புகளுக்கு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்களுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கும்.

2021இல் ஓய்வூதிய விதிகளை மத்திய அரசு திருத்தியது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தங்கள் அமைப்பின் வேலை தொடர்பான விஷயங்களை முன் அனுமதி இல்லாமல் எழுதி வெளியிட்டால் பென்ஷனில் கை வைக்கப்படும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நிலம், இப்போது பென்ஷன். அடி விழுகிற இடம் ஒன்றேதான்: வயிறு. நல்லவேளை, சம்பந்தியை இழுக்கவில்லை.

ஆனால் கண்காணி எங்கே? அனுமதி கேட்க வேண்டியது அதே அமைப்பின் தலைமையிடம். எதை மறைக்கலாம் என்று முடிவு செய்பவரும், மறைத்தது சரியா என்று பார்ப்பவரும் ஒரே ஆள். அமெரிக்காவில் உளவு அமைப்புகளைக் கேள்வி கேட்க 1976இல் செனட் குழு வந்தது. பிரிட்டனில் 1994இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு நிரந்தரக் குழு கிடையாது. 2011இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை.

உத்தம சோழர் மீது பழி ஏன்?

கொலையால் பலன் அடைந்தவர் யாரோ அவர் மீதுதான் முதலில் சந்தேகம் விழும். உத்தமர் ஆட்சி முடியும்வரை துரோகிகள் சொத்தோடு இருந்தார்கள், ராஜராஜன் வந்த பிறகே நடவடிக்கை என்று பார்த்தால் கணக்கு நேராகத்தான் வருகிறது. நீலகண்ட சாஸ்திரி அந்தப் பக்கம் சாய்ந்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் ஏற்கவில்லை. உத்தமருக்குப் பங்கு இருந்திருந்தால் ராஜராஜன் குடும்பம் அவரிடம் அவ்வளவு இணக்கமாக இருந்திருக்காது என்பது அவர் பக்கத்து வாதத்தின் சாரம். இந்தக் கல்வெட்டு முதல் தண்டனை இல்லை, சொத்து விவகாரத்தின் கடைசிக் கட்டம்தான் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். கல்வெட்டோ காரணத்தைச் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த ஆயுதத்தால், யார் தூண்டி என்று எதுவும் இல்லை. அரசு அந்தப் பக்கத்தை மூடிவிட்டது.

ஒரு பேச்சுக்குச் சொன்னால், அந்தப் பெயர்களும் நமக்குக் கிடைத்திருக்கக் கூடாது. அரசர் அனுப்பிய ஓலை என்றைக்கோ மக்கிப் போயிருக்கும். அது கல்லில் ஏறியதற்குக் காரணம் ஒரு நில விற்பனை. பறிமுதலான நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி, அனந்தீசுவரர் கோயிலில் தண்ணீர் வைப்பதற்கும் பிராமணர்களுக்குச் சோறு போடுவதற்கும் எழுதி வைத்தார். நாளைக்குப் பழைய சொந்தக்காரன் வந்து உரிமை கொண்டாடினால்? நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் அரசர் உத்தரவையும் சேர்த்து, துரோகிகள் பெயரோடு, கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள்.