பாறையை ஓட வைத்த வெப்பம்: ஆர்தர் ஹோம்ஸ் (1890–1965)

பூமியின் வயதைப் பற்றி 1913-லேயே புத்தகம் எழுதியவர் ஆர்தர் ஹோம்ஸ். 1920-ல் எண்ணெய் நிறுவன வேலைக்காகப் பர்மா போனார். அங்கே சின்னஞ்சிறு மகனைச் சீதபேதிக்குப் பறிகொடுத்தார், நிறுவனமும் நொடித்தது. வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பி, நியூகாசிலில் கலைப்பொருள் கடை வைத்துப் பிழைத்தார். எப்பேர்ப்பட்ட அறிஞருக்கு என்ன நிலை பாருங்கள்! 1924-ல்தான் டர்ஹாமில் வேலை கிடைத்தது.

1927 டிசம்பரில் ஒரு கருத்தை முன்வைத்தார். பூமிக்குள் கதிரியக்கத்தால் வெப்பம் சேர்கிறது. அதனால் நம் காலுக்கு வெகு ஆழத்தில், மேன்டில் என்னும் திடப்பாறைகூட, அடுப்பில் கொதிக்கும் சாம்பார்போல மேலெழுந்து, நகர்ந்து, குளிர்ந்து இறங்குகிறது. வேகம் மட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்! கண்டங்களை நகர்த்துவது இந்த ஓட்டமே என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை, 1960-களில்தான் நிலைமை மாறியது.

தண்ணீரின் பங்கு அதன் பிறகே தெளிவானது. அமிழும் கடல்தளம் தன் கனிமங்களுக்குள் நீரையும் கொண்டுபோகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து, மேலேயுள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். எளிதாக ஓடவும் செய்யும். ஜப்பானின் எரிமலைகள் இப்படிப் பிறந்தவையே. ஹோம்ஸ் எண்ணெய் தேடிப்போன பர்மாவில் நிற்கும் போப்பா எரிமலையும் அந்த வகைதான்.